இல்லாத எருமை

முப்பத்தொன்று என்று கூப்பிட்டார்கள். மங்கையர்க்கரசியின் கையில் இருந்த டோக்கன் முப்பத்தேழு. ஆக முன்னால் ஆறு பேர், ஆளுக்கு மூன்று நிமிஷம் என்றால் பதினெட்டு, நடுவில் யாராவது விழுந்து எழுந்தால் இன்னும் ஐந்து நிமிஷம் கூடக் கிடைக்கும், யாராவது விழுந்தால் தேவலை, சீ, என்ன நினைப்பு இது, அறுபத்திரண்டு வயது மனுஷிக்கு வருகிற நினைப்பா, ஆனால் வந்ததே, வந்ததை வரவில்லை என்று சொல்ல முடியுமா, யாரும் பார்க்காமல் வந்தது என்பதால் அது வேறு ஒருத்தியுடையதாகிவிடுமா. அவள் சுருட்டிய சுருட்டலில் டோக்கன் வெற்றிலைக் காம்பு கனத்துக்கு மெலிந்திருந்தது. மைதானத்தில் சுண்ணாம்புக் கோட்டில் ஒரு பெரிய எட்டு கிடந்தது, ஏதோ ராட்சசக் குழந்தை எழுதிவிட்டு அழிக்காமல் போன மாதிரி. அதன் இடுப்புக்கு நேரே, குடை நிழலில், பிளாஸ்டிக் நாற்காலியில் பிரேக் இன்ஸ்பெக்டர். லைசென்ஸுக்குச் சோதனை வைக்கிற அதிகாரியை ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். அந்த மனிதர் பிரேக்கைப் பார்ப்பதேயில்லை, காலைத்தான் பார்க்கிறார். கோட்டின் மேலேயே இரண்டு சுற்று வர வேண்டும். கால் தரையில் படக் கூடாது. பட்டால் போய்விட்டுப் பிறகு வா. மற்றவர்களுக்குப் பிறகு என்று ஒன்று உண்டு. இவளுக்கு இல்லை. சாயங்காலம் பட்டுக்கோட்டையிலிருந்து குமரேசன் வருகிறான், வீட்டுக்காரருடைய அக்காள் மகன். இவள் தேறாவிட்டால் வண்டியை அவன் எடுத்துக்கொண்டு போவதாகப் பேச்சு. பேசியவர் அவர். சரி என்று தலையாட்டியவள் இவள்.

வண்டி புங்க மரத்தடியில் நின்றது, சாம்பல் நிற ஸ்கூட்டர், முன்னாலும் பின்னாலும் சிவப்பில் எல் போர்டு. அதைக் காலையிலேயே கொண்டுவந்து நிறுத்திவிட்டுப் பக்கத்தில் நின்றாள் பானு. பெண்களுக்கு வண்டி ஓட்டக் கற்றுத் தருகிறவள், இருபத்தேழு வயது, ஊர்ப் பெண்கள் பாதிப் பேர் அவளைப் பானு மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். “ஆன்ட்டி, தண்ணி வேணுமா? ஒரு மடக்குதான். ரொம்பக் குடிச்சிட்டுப் பாதி எட்டுல எறங்கி ஓடக் கூடாது.” மங்கையர்க்கரசி சிரித்தாள். இந்தப் பெண் முதல் நாளே ஒரு கேள்வி கேட்டாள், ஏன் ஆன்ட்டி இந்த வயசுல, என்று. கேலியாக இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ள. அங்கிளைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போகணும்மா என்றாள் இவள். பொய்யில்லை. அவருக்குக் கண்ணில் நீரழுத்தம். பக்கப் பார்வை தேய்ந்து தேய்ந்து, இப்போது குழாய் வழியாகப் பார்ப்பதுபோல் நேரே இருப்பது மட்டும்தான் தெரிகிறது, இனி வண்டியைத் தொடக் கூடாது என்று டாக்டர் சொல்லி நாலு மாதம். ஆனால் மகனிடம் போனில் சொன்ன காரணம் வேறு: காய்கறி வாங்க, ஆட்டோக்காரர்களோடு மல்லுக்கட்ட முடியவில்லை. பிலோமினாவிடம் சொன்னது இன்னொன்று: உன்னைப் பார்க்கத்தான்டி. பிலோமினா டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இவளுக்குப் பக்கத்து நாற்காலி, இருபத்தாறு வருஷம். இப்போது இடுப்பெலும்பு முறிந்து, ஊருக்கு வெளியே பஸ் போகாத நகரொன்றில் மகள் வீட்டில் படுத்திருக்கிறாள். “நீ எப்ப வருவே மங்க? நீ லைசென்ஸ் வாங்கறதுக்குள்ள நான் எந்திரிச்சு நடந்தே வந்துருவேன் போலிருக்கே.” மூன்று பேருக்கு மூன்று காரணம். மூன்றும் பொய்யில்லை. எக்ஸ்சேஞ்சில் அதுதானே வேலை, யார் எந்த லைனைக் கேட்கிறார்களோ அந்த லைனைக் கொடுப்பது, காதில் மாட்டிய கருவியோடு, விரல் நுனியில் கயிறுகளோடு, தஞ்சாவூரா இந்தாருங்கள், மதுரையா ஹோல்ட் பண்ணுங்கள், கல்யாணம், சாவு, நெல் விலை, பிள்ளைப்பேறு, எல்லாம் இவள் விரல் வழியாகப் போயின. இவளுக்கு என்று யாரும் ஒரு லைன் கேட்கவில்லை, இவளும் கேட்டுக்கொள்ளவில்லை. சரி, இப்போது கேட்கட்டுமே, முப்பத்துமூன்றுதானே ஆகிறது, நேரமிருக்கிறது. உனக்கு எதற்கு வண்டி, மங்கை? உள்ளே கொஞ்ச நேரம் இரைச்சல். பிறகு வந்த பதிலைக் கேட்டு அவளுக்கே வெட்கமாயிருந்தது: எங்கேயும் போக வேண்டாம். எங்கே போகிறேன் என்று யாருக்கும் தெரியாமல் பத்து நிமிஷம் போய்க்கொண்டே இருக்க வேண்டும். அவ்வளவுதான்.

அவ்வளவுதானா, என்று பயமும் கூடவே வந்தது. பக்கப் பார்வை போன மனிதனை வைத்துக்கொண்டு எங்கேயோ போக வேண்டும் என்கிற இவள் எப்படிப்பட்டவள். அவர் ஒன்றும் கொடுமைக்காரர் இல்லை. வைத்தியலிங்கம், அதே டெலிபோன் ஆபீசில் பழுது பார்க்கிற பிரிவு, சிரிக்கச் சிரிக்கப் பேசுவார், சம்பள நாளில் அல்வா வாங்கி வருவார், முப்பத்தெட்டு வருஷத்தில் கை ஓங்கியதில்லை. அவர் இதோ சிமெண்ட் பெஞ்சில், மடக்கிய குடையைத் தொடை நடுவே ஊன்றிக்கொண்டு, மகளை அழைத்து வந்திருந்த ஒரு கனத்த மனிதரிடம் பேசிக்கொண்டிருக்கிறார், முழுதாகத் தலையைத் திருப்பித்தான் பார்க்கிறார், பறவை மாதிரி. “நம்ம வீட்டம்மாவுக்கு எல்லாம் உண்டு சார், பேலன்ஸ் ஒண்ணுதான் கிடையாது. சின்ன வயசுல வாடகை சைக்கிள் எடுத்துக்கிட்டுத் தெருவுல போயிருக்கா. எதுத்தாப்புல ஒரு எருமை. எருமை பாட்டுக்கு அது வழியில வருது. இவ அதப் பாத்து மெரண்டு, நேரா சாக்கடைக்குள்ள! எருமையே நின்னு பாத்துட்டுப் போச்சாம்.” கனத்த மனிதர் வயிறு குலுங்கச் சிரித்தார். “எருமைக்கு ஒண்ணும் ஆகலையே?” என்றார். மங்கையர்க்கரசியும் சிரித்தாள். அந்த இடத்தில் சிரிப்பது பழக்கம். முதலில் அண்ணன் சொன்ன கதை அது. அண்ணன் அம்மாவுக்கு, அம்மா அத்தைகளுக்கு, பெண் பார்க்க வந்த அன்று இவருக்கு. இவர் மகனுக்கு, மகன் மருமகளுக்கு. வீட்டில் பால் பொங்கி வழிந்தாலும், உறவில் ஒரு கல்யாணத்தில் மொய்க் கவரை மாற்றிக் கொடுத்தாலும், எருமையைப் பார்த்துட்டியா என்று கேட்பார்கள். அது இவளுக்கு ஒரு பட்டப்பெயர் மாதிரி. பட்டப்பெயரில் ஒரு சௌகரியம் உண்டு, நம்மை நாமே தேடிக்கொண்டு திரிய வேண்டாம், கூப்பிட்ட பெயருக்குத் திரும்பினால் போதும். முப்பத்துநாலு கோட்டை விட்டு விலகிப் போய் நாற்காலிப் பக்கமே வந்து, இன்ஸ்பெக்டர் எழுந்து ஒதுங்கி, எல்லாரும் சிரித்து ஓய்ந்தார்கள். விழவில்லை. கூடுதல் ஐந்து நிமிஷம் கிடைக்கவில்லை.

அந்த எருமை யாருடையது? இது என்ன புதிதாக ஒரு கேள்வி. இத்தனை வருஷமாக அந்த எருமை வந்துகொண்டும் போய்க்கொண்டும் இருக்கிறது, யாருடைய எருமை என்று ஒருநாளும் கேட்டதில்லை. கும்பகோணத்தில் அவர்கள் இருந்த சந்தில் எருமை வைத்திருந்தவர் கோபால் கோனார் ஒருவர்தான். அவர் எருமைகள் மூன்று மணிக்குக் குளத்துக்குப் போய் நாலரைக்குத் திரும்பிவிடும், கறவை நேரம். சைக்கிள் எடுத்தது அதற்குப் பிறகு. நன்றாக நினைவிருக்கிறது, ஏனென்றால் கடைக்காரர் சிலேட்டில் ஐந்தரை என்று எழுதி, ஆறரைக்குள் கொண்டுவா என்றார். தெருவிளக்கு ஏற்றியிருந்தது, முதல் விளக்கின் கீழே இவளுடைய நிழல் முன்னால் ஓடியது, இரண்டாவது விளக்கு வந்ததும் பின்னால் விழுந்தது. அப்படியானால் ஆறேகால். ஆறேகாலுக்கு எருமை ஏது? எருமை கொட்டிலில் அசைபோட்டுக்கொண்டிருக்கிறது. பிறகு எதைப் பார்த்து விழுந்தாள்? “முப்பத்தஞ்சு!” பானு சொல்லிக்கொடுத்ததை நினைக்க வேண்டும், முன் சக்கரத்தைப் பார்க்காதீங்க ஆன்ட்டி, போக வேண்டிய இடத்தைப் பாருங்க, வண்டி கண்ணு பின்னாலதான் வரும். அன்றைக்கும் அப்படித்தான் போனது. அண்ணன் சீட்டைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தான், விட்டுடாதேண்ணா விட்டுடாதேண்ணா என்று இவள் கத்த, சரிடி சரிடி என்ற குரல் தூரத்திலிருந்து கேட்டது, திரும்பிப் பார்த்தால் அண்ணன் நாலு வீடு தள்ளி இடுப்பில் கைவைத்து நிற்கிறான். விட்டுவிட்டான். எப்போதோ விட்டுவிட்டான். அப்போது விழவில்லையே! விழுகிறவள் அங்கேயல்லவா விழுந்திருக்க வேண்டும்? விழவில்லை, சிரித்தாள், பல்லெல்லாம் காற்றுப் பட்டுக் குளிர்ந்தது, அந்தக் குளிர் இதோ இப்போதும் பல்லில் இருக்கிறது. சந்து முனையோடு திரும்ப வேண்டும் என்பது அம்மா போட்ட எல்லை. திரும்பவில்லை. எண்ணெய்க் கடை, சோடாக் கடை, கோயில் யானை நிற்கிற இடம் வரை போய், ஒரு பெரிய வளைவு வளைத்து, மணியடித்துக்கொண்டே திரும்பி வந்தாள். பேலன்ஸ் இல்லாதவளா யானை வரைக்கும் போவாள்? திரும்பி வந்தாள், சந்துக்குள் நுழைந்தாள், வீட்டு வாசலில் ஏதோ நின்றது. வெள்ளையாக. எருமை கறுப்பு. வெள்ளையாக என்ன?

“முப்பத்தேழு! மங்… மங்கையர்க்கரசி!” பெயரை எடுத்து வைக்கவே குமாஸ்தாவுக்கு இரண்டு மூச்சு வேண்டியிருந்தது. முப்பத்தாறு எப்போது போனது? “போங்க ஆன்ட்டி, கெத்தா போங்க,” என்று பானு முதுகில் தட்டினாள். பெஞ்சிலிருந்து அவர், “பயப்படாதே, விழுந்தாலும் பரவாயில்ல, குமரேசன் வரான்!” என்றார். நல்லெண்ணத்தில்தான் சொன்னார். அதில் சந்தேகமில்லை. இன்ஸ்பெக்டர் தலை நிமிராமல், “பேரப் பிள்ளைங்களுக்கு லைசென்ஸ் எடுக்க வந்தீங்களாம்மா?” என்று கேட்க, “இல்ல சார், எனக்குத்தான்,” என்றாள். எனக்குத்தான் என்ற சொல் வாயிலிருந்து வெளியே போய் வெயிலில் நின்றது. ஹெல்மெட்டுக்குள் தன் மூச்சு தனக்கே கேட்டது. ஆக்ஸிலேட்டரை முறுக்கினாள், கால்களை மேலே எடுத்தாள், வண்டி கோட்டின் மேல் வழுக்கிப் போனது. முதல் வளைவு, பாரு, போக வேண்டிய இடத்தைப் பாரு, இடுப்பு, எட்டின் குறுகிய இடுப்பு, அங்கேதான் எல்லாரும் ஆடிப்போகிறார்கள், ஏனென்றால் அதுவரை இடப்பக்கம் சாய்ந்த உடம்பை அங்கே வலப்பக்கம் சாய்க்க வேண்டும், தான் இதுவரை சாய்ந்திருந்தது எந்தப் பக்கம் என்று தெரிந்தவருக்குத்தான் மாற்றிச் சாய முடியும், தாண்டிவிட்டாள், இரண்டாவது வளைவு, மறுபடி இடுப்பு, ஒரு சுற்று முடிந்தது. இரண்டாவது சுற்றில் பெஞ்சுக்கு நேரே வந்தபோது அவர் எழுந்து நின்றிருந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. தலையை முழுதாக இவள் பக்கம் திருப்பி, அந்தக் குழாய்ப் பார்வை முழுவதையும் இவள் மேல் வைத்து நின்றார். இவளுடைய இடது கால் தானாக லேசாகத் தளர்ந்தது. விரல்கள் விரிந்தன. கால் இறங்கப் பார்த்தது. வண்டி ஆடவேயில்லை, கல் தடுக்கவில்லை, பயமும் இல்லை, கால் மட்டும் இறங்கப் பார்த்தது, ஏதோ பழைய உத்தரவு வந்ததுபோல. அப்பா. வாசலில் நின்றது அப்பா. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, பக்கத்தில் பள்ளிக்கூட ஹெட்மாஸ்டர். இவள் பெரியவளாகி மூன்று மாதம், இனி சைக்கிள் கூடாது என்று அப்பா சொல்லி மூன்று மாதம். இவள் வருவதை அப்பா இன்னும் பார்க்கவில்லை, பார்க்கப் போகிறார், தலை திரும்புகிறது. அந்த நொடியில் இவள் சாக்கடையைப் பார்த்தாள். கண்ணாடித் துண்டு கிடக்கிற பக்கம் இல்லை, வாழை நிற்கிற மெத்தென்ற பக்கம். அங்கே பார்த்தாள், வண்டி கண்ணின் பின்னால் வந்தது. விழவில்லை, இறங்கினாள்! குறி பார்த்து இறங்கினாள்! ஐயோ கண்ணு என்று அப்பா ஓடிவந்தார், திட்டவில்லை, வாரி எடுத்துக்கொண்டார். அம்மா மஞ்சள் போட்ட பால் தந்தாள். அண்ணன் தன்மேல் பழி வராமலிருக்க எங்கிருந்தோ ஒரு எருமையை ஓட்டிக்கொண்டு வந்தான். விழுந்த பிள்ளையை யாரும் திட்டுவதில்லை என்பதுதான் அன்றைக்குக் கற்ற பாடம். பாடம் நல்லதா கெட்டதா என்று பார்த்தா மனசு படிக்கிறது, நன்றாகப் படித்துவிட்டது, நாற்பத்தொன்பது வருஷம் மறக்கவில்லை, யார் பார்த்தாலும் மெத்தென்ற பக்கமாகப் பார்த்து இறங்கிவிடுகிற பாடம். இதெல்லாம் நினைத்து முடிக்க எத்தனை நேரம் ஆகியிருக்கும், ஒரு வளைவின் பாதி. ஏ காலே, என்றாள் ஹெல்மெட்டுக்குள், அவர் அப்பா இல்லை, நீயும் பதின்மூன்று இல்லை, மேலே இரு. கால் மேலே இருந்தது. இடுப்பு வந்தது, சாய்ந்தாள், மாற்றிச் சாய்ந்தாள், கடைசி வளைவில் சிரித்துக்கொண்டே வந்தாள், பல் குளிர்ந்தது.

“போதும்மா, போதும், எறங்குங்க,” என்றார் இன்ஸ்பெக்டர், “மூணாவது ரவுண்டு யார் கேட்டது?” கையெழுத்துப் போட்டுவிட்டு, லைசென்ஸ் தபாலில் வரும் என்றார். பானு விசிலடித்தாள். கனத்த மனிதர், “என்ன சார், பேலன்ஸ் இல்லேன்னீங்க?” என்று கேட்க, அவர் குடையை விரித்து மடக்கி, விரித்து மடக்கி, “அதான் எனக்கும் புரியல,” என்றார். ஆட்டோ கூப்பிடலாம் என்று அவர் தெருப் பக்கம் திரும்பியபோது பானு, “ஆட்டோ எதுக்கு அங்கிள்? கார்டு வர்ற வரைக்கும் எல் போர்டோட ஓட்டலாம், பின்னால லைசென்ஸ்காரர் ஒருத்தர் உக்காந்தா போதும். உங்க லைசென்ஸ் உயிரோடதானே இருக்கு?” என்றாள். “நானும்தாம்மா உயிரோட இருக்கேன், இதுவரைக்கும்,” என்று அவர் முனகிக்கொண்டே ஏறினார். எதைப் பிடித்துக்கொள்வது என்று கை அந்தரத்தில் தேடி, கடைசியில் அவள் தோளில் வந்து அமர்ந்தது. மைதானக் கதவைத் தாண்டிச் சாலையில் ஏறினார்கள். வேப்பம்பூ உதிர்ந்து கிடந்த சாலை, பதினொரு மணி வெயில், ஒரு டீக்கடை ரேடியோவில் பாட்டு வந்து காதில் பாதி விழுந்து பின்னால் போனது. அப்போதுதான் அவள் சொன்னாள், முகத்தைத் திருப்பாமல், காற்றுக்குச் சொல்வதுபோல. “அன்னிக்கு எருமை எதுவும் வரலங்க. அப்பா வாசல்ல நின்னாங்க. நானாத்தான் விழுந்தேன்.” பின்னால் சத்தமில்லை. எக்ஸ்சேஞ்சில் இருபத்தாறு வருஷம் இருந்தவளுக்கு அமைதியில் எத்தனை வகை என்று தெரியும், லைன் அறுந்த அமைதி, யோசிக்கிற அமைதி, அழுகிறவர் வாயைப் பொத்திக்கொண்ட அமைதி. இது யோசிக்கிற அமைதி. வெகு நேரம் கழித்து, பெரிய பாலம் ஏறும்போது, அவர் கேட்டார்: “மங்க, எண்பத்தெட்டுல நாம ரெண்டு பேரும் ஒண்ணா சூப்பர்வைசர் பரீட்சை எழுதினோமே. ரெண்டு பேருமே கோட்டை விட்டோம். உனக்கே வரல, எனக்கு எங்க வரப்போவுதுன்னு அன்னிக்கு மனசத் தேத்திக்கிட்டேன்.” நிறுத்தினார். “அதுவும் இப்படித்தானா?” அவள் இதை நினைக்கவேயில்லை. காலையிலிருந்து எங்கெங்கோ சுற்றிய மனசு இந்த ஒரு வாசலை மட்டும் எப்படி ஓசைப்படாமல் தாண்டிப் போயிருக்கிறது! இல்லீங்க, எனக்கு நிஜமாவே விடை தெரியல என்ற பதில், அவருக்குப் பிடித்த பதில், நாக்கு நுனியில் தயாராக வந்து நின்றது. மெத்தென்ற பக்கம். அவள் நேரே பார்த்தாள். “ஆமாங்க,” என்றாள். பாலத்தின் மேல் காற்று பலமாக வீசியது. “கடைசிப் பக்கத்தை எழுதாம விட்டியா?” என்றார் அவர். “கடைசி ரெண்டு பக்கம்,” என்றாள். தோளில் இருந்த கை அசையாமல் இருந்தது. பிறகு அவர் உடம்பு குலுங்க ஆரம்பித்தது. சிரிக்கிறாரா, வேறு ஏதாவதா என்று முகத்தைப் பார்த்தால்தான் தெரியும், இத்தனை வருஷமும் முகத்தைப் பார்த்துத்தான் அடுத்த சொல்லை எடுத்திருக்கிறாள், ஆனால் எதிரே ஒரு செங்கல் லாரி வந்தது, திரும்பிப் பார்க்க முடியாது. அவள் ஹாரனை அழுத்தினாள், நீளமாக, இன்னொரு தரமும்.